சனிக்கிழமை லோடுக்கு முன்: சரக்குப் பிரிப்பது பற்றி

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பேட்டைக்கு லோடு போகுமுன் பழைய உலோகச் சரக்கை வகை வகையாகப் பிரித்து வையுங்கள்.

முதலில் காந்தம். எவர்சில்வர் சட்டியின் மடிப்பில் லேசாக இழுத்தால் உடனே இரும்புக் குவியலில் வீசாதீர்கள். வளைத்த இடத்தில் 304 என்ற நல்ல எவர்சில்வர் ரகமும் கொஞ்சம் இழுக்கும். நடுவிலும் வைத்துப் பாருங்கள்.

ஒட்டாததை அரத்தால் ஆழமாக ராவுங்கள். முலாம் பூசிய தண்ணீர்க் குழாயில் உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளை என்றால் துத்தநாகக் கலவை. பித்தளையில் கிடக்கும் இரும்புத் திருகையும் வாஷரையும் கழற்றிவிடுங்கள். நாலு திருகு கிடந்தால் மூட்டை முழுவதும் கலப்பு விலைக்குப் போகும்.

மோட்டார் காயிலில்தான் ஏமாற்றம் அதிகம்: மேலே செம்பு நிற வார்னிஷ், உள்ளே அலுமினியம். வெட்டிய முனையைப் பாருங்கள், வெள்ளையாக இருந்தால் செம்பு இல்லை. தூக்கினாலே தெரியும், ஒரே பருமனுக்குச் செம்பு மூன்று மடங்குக்கு மேல் கனம்.

வயரை எரிக்காதீர்கள். செம்பு கருத்து விலை இறங்கும், பிவிசி புகை நெஞ்சுக்கு ஆகாது. உரித்தே கொண்டு வாருங்கள்.

பேட்டரியை உடைக்கவும் வேண்டாம், ஆசிட்டைக் கொட்டவும் வேண்டாம். முழுசாகத் தனியே, நிமிர்த்தி வையுங்கள்.