லேப் படிக்கிற பசங்கள போஸ்டிங் அனுப்புற காலேஜ்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. டிஎம்எல்டி, பிஎஸ்சி எம்எல்டின்னு லேப் டெக்னீஷியன் படிப்பு சொல்லித்தர்ற காலேஜ் நடத்துற எல்லாருக்கும், உங்க பசங்க வந்து நிக்கிற ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குற ஒரு டெக்னீஷியனா இத எழுதுறேன்.

போஸ்டிங், அதாவது ஆஸ்பத்திரி லேப்ல நேரடிப் பயிற்சி, கண்டிப்பா வேணும்ங்க, அதுல மாத்துக் கருத்தே இல்ல. நீல மூடி ட்யூப்ல 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் (ரத்தம் உறையாம வைக்கிற மருந்து)னு எல்லாரும் படிச்சிட்டுத்தான் வர்றாங்க, ஆனா வெயினே கெடைக்காத ஒரு பாட்டிகிட்ட குத்தி பாதி ட்யூப்தான் வந்துச்சுன்னா அத மெஷின்ல போடக்கூடாது, போட்டா ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு காட்டுற அளவு, ஏறிக் காட்டும், அத நம்பி டாக்டர் ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரைய கொறச்சிட்டா அந்தம்மா பாடு என்னாகும்? பாட்டி மொகம் சுளிச்சாலும் பரவால்ல, மறுபடி எடுன்னு ஒருத்தர் பக்கத்துல நின்னு சொன்னாத்தான் இது மண்டைல ஏறும்.

அந்த ஒருத்தர்தான் பல எடத்துல இல்ல. லேப்லயே ஆள் பத்தல, வந்த பசங்கள பில்லிங்ல உக்கார வைக்கிறாங்க, வார்டுக்கும் லேபுக்கும் சாம்பிள் தூக்க விடுறாங்க, கடைசி வாரத்துல பயிற்சிக் கணக்கு எழுதுற லாக் புக்க மொத்தமா எழுதி மொத்தமா கையெழுத்து வாங்கிட்டுப் போறாங்க. இந்த மாதிரி மருத்துவத் துணைப் படிப்புகளுக்கு 2021ல வந்த சட்டம் டிப்ளமோ படிப்பே 2000 மணி நேரத்துக்குக் கொறையக்கூடாதுன்னு சொல்லுது, ஆனா கவுன்டர்ல பில் போட்ட நேரத்த எல்லாம் பயிற்சின்னு கணக்கு காட்டினா அதுல யாருக்கு என்ன லாபம்? இதுல சம்பளமும் கெடையாது, பஸ் காசு கூட வீட்ல கேட்டுத்தான் வாங்கிட்டு வருதுங்க, சில எடத்துல போஸ்டிங் ஃபீஸ்னு வேற பசங்ககிட்டயே வாங்குறாங்க, இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாப் படல.

எனக்கு ரொம்ப பதறுற விஷயம் ஊசி. ஒரு பொண்ணு வெரல்ல குத்தினத சாயங்காலம் வரைக்கும் சொல்லவே இல்ல, கேட்டா திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்னு அழுவுது. குத்தின ஒடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும், பிதுக்கக்கூடாது, எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டா 72 மணி நேரத்துக்குள்ள, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. அந்தப் பொண்ணுகிட்ட ஹெபடைடிஸ் பி (ரத்தம் மூலமா பரவுற கல்லீரல் நோய்) தடுப்பூசி போட்டிருக்கியான்னு கேட்டா அப்டின்னா என்னன்னு கேக்குது. மூணு டோஸ் முடியவே ஆறு மாசம் ஆகும்ங்க, அத முதல் வருஷத்துலயே போட்டு விட வேண்டியது உங்க பொறுப்பு இல்லையா?

அடுத்த பேட்ச் அனுப்பும்போது தடுப்பூசி கார்ட பாத்துட்டு அனுப்புங்க. யார் சொல்லித்தரப் போறாங்கன்னு லேப் இன்சார்ஜ்கிட்ட பேரோட எழுதி வாங்குங்க, மாசத்துக்கு ஒரு தடவையாவது உங்க ஸ்டாஃப் ஒருத்தர் நேர்ல வந்து பசங்க எங்க நிக்கிறாங்கன்னு பாக்கட்டும். பில்லிங்ல உக்காந்திருந்தா எங்ககிட்ட சண்டை போடுங்க, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்.