நூறு ரேக் ஆட்டத்தைச் சுருக்கிவிடாதீர்கள்

பூல் விளையாட்டில் நீண்ட சவால் ஆட்டங்களை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பெரிய ஆட்டக்காரர்களை மூன்று நாள் ஒரே டேபிளில் மோத விடுகிறீர்கள். 100 ரேக்கோ 120 ரேக்கோ, முதலில் எடுப்பவருக்கு வெற்றி. ரேக் என்றால் பந்துகளை டேபிளில் அடுக்கி, கியூ என்கிற குச்சியால் பாக்கெட்டில் போட்டு முடிக்கும் ஒரு சுற்று. முதல் நாள் பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். இரண்டாம் நாள் மாலை ஒருவர் பாக்கெட்டுக்கு நேராக நிற்கும் ஏழாம் நம்பர் பந்தைக் கோட்டை விடுகிறார். இன்னொருவர் எதிராளிக்கு வசதியான பந்து கிடைக்காதபடி தற்காப்பாக அடிக்கும் சேஃப்டியைப் போடப் போய் வெள்ளைப் பந்தையே பாக்கெட்டில் தள்ளிவிடுகிறார். உடனே பேச்சு கிளம்பிவிடுகிறது. இவர்களா உலகின் முதல் ஐந்து பேர் என்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஏனோதானோ என்று ஆடுகிறார்கள் என்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து, அடுத்த தடவை சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்று உங்களில் சிலர் யோசிக்கிறீர்கள். அதைச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு கணக்கு. 1996-இல் ஹாங்காங்கில் பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸும் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டும் மூன்று நாள் மோதிய நைன்பால் ஆட்டம் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். நைன்பாலில் ஒன்பது பந்து, எண் வரிசைப்படி அடிக்க வேண்டும், ஒன்பதாம் பந்தைப் போடுபவருக்கு ரேக். 120 ரேக் இலக்கு, வென்றவருக்கே முழுத் தொகையும், 1,00,000 டாலர். ஆரம்பத்தில் ஸ்ட்ரிக்லண்ட் முன்னே போனார், கடைசியில் ரெயஸ் 120-117 என்று ஜெயித்தார். மொத்தம் 237 ரேக். ஒவ்வொரு ரேக்கிலும் 9 பந்தும் விழுந்ததாக வைத்துக்கொண்டால் 2,133 பந்து. இப்போது ஆட்டத் தரத்தை அளக்கும் அக்யூ-ஸ்டாட்ஸ் மதிப்பெண்ணை இதன் மேல் வைத்துப் பாருங்கள். பந்தைத் தவறவிடுவது, வெள்ளைப் பந்தைத் தப்பான இடத்தில் நிறுத்துவது, சேஃப்டியில் சொதப்புவது எல்லாம் அதில் தவறாகவே எண்ணப்படும். போட்ட பந்துகளை, போட்ட பந்துகளும் தவறுகளும் சேர்ந்த தொகையால் வகுத்து 0.900 வந்தால் அது உலகத்தரம். அப்படியானால் இரண்டு பேரும் அந்த உலகத்தரத்திலேயே ஆடினாலும் 237 ரேக்கில் 237 தவறு வரும். ரேக்குக்கு ஒன்று. இது அந்த ஆட்டத்தில் நடந்ததைக் குறித்த கணக்கல்ல, அளவு புரிவதற்காகப் போட்ட கணக்கு.

முதலில் 9 ரேக் எடுப்பவருக்கு வெற்றி என்கிற 9 ரேக் ஆட்டத்தில் அதே இருவர் அதே தரத்தில் ஆடினால் மொத்தம் பதினைந்து தவறுதான் கண்ணில் படும். வீட்டுக்குப் போகும்போது எல்லாம் மறந்துபோகும். நீண்ட ஆட்டத்தில் இருநூறு தவறு. அதில் மோசமான ஆறேழை மட்டும் வெட்டி ஒட்டினால் எந்த மகா ஆட்டக்காரரையும் கற்றுக்குட்டியாகக் காட்டிவிடலாம்.

தவறே செய்யாத மனிதர்கள் என்ற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்தது? சாதனைகளிலிருந்து. வில்லி மோஸ்கோனி 1954-இல், எந்தப் பந்தை வேண்டுமானாலும் போடலாம் என்கிற ஸ்ட்ரெய்ட் பூலில், தவறாமல் 526 பந்து போட்டார். ஜான் ஷ்மிட் 2019-இல் 626. ஜேசன் ஷா 2022-இல் 714. ஆனால் ஷ்மிட் அந்த 626-க்காக மாதக்கணக்கில் டேபிளைக் கட்டிக்கொண்டு கிடந்தார். நூற்றுக்கணக்கான முயற்சிகள் பாதியில் முறிந்த பிறகுதான் அந்த ஒன்று வந்தது. முறிந்தவை நம் நினைவில் இல்லை. மூன்று நாள் சவால் ஆட்டத்தில் மட்டும் முறிந்ததையும் சேர்த்துப் பார்க்கிறோம். அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

சரி, ஆட்டம் உண்மையிலேயே இறங்குவது இல்லையா? இறங்குகிறது. கணக்கைச் சொல்லி அதை மறைக்க நான் வரவில்லை. இரண்டாம் நாள் மாலையில் ஒருவருடைய கை மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குனிவதற்கு முன் வழக்கமாக இரண்டு தடவை கோடு பார்ப்பவர் ஒரு தடவையோடு குனிந்துவிடுகிறார். கியூவைப் பின்னுக்கு இழுத்து ஒரு கணம் நிறுத்துகிறவர் அந்த நிறுத்தத்தை விட்டுவிடுகிறார். கியூ நுனியில் சாக் கட்டியைத் தேய்ப்பது மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

இதில் பெரும் பங்கு நாற்காலிக்கு உண்டு. நைன்பாலில் ஒரு ரேக்கை வென்றவருக்கே அடுத்த ரேக்கின் பிரேக், அதாவது அடுக்கிய பந்துகளைக் கலைக்கும் முதல் அடி, என்றால், எதிரே இருப்பவர் தொடர்ந்து நான்கு ஐந்து ரேக் கியூவைத் தொடாமல் உட்கார வேண்டும். அதே 1996-இல் டாலஸில் ஸ்ட்ரிக்லண்ட் தொடர்ச்சியாக 10 ரேக் எடுத்தாரே, அந்தப் பத்து ரேக்கும் எதிராளி உட்கார்ந்துகொண்டு பார்ப்பதைத் தவிர என்ன செய்ய முடியும்?

நான் சாதாரண ஆட்டக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரோடு 30 ரேக் என்று பேசி ஆரம்பித்தேன். பதினெட்டாவது ரேக் வரை சரிசமமாகப் போனது. பிறகு அவர் வரிசையாக ஐந்து எடுத்தார். நான் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், கியூவை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏசி காற்று நேராக வலது தோள் மேல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு பந்தை விட்டார். எழுந்து போனேன். பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மூன்றாம் நம்பர் பந்து, கண்ணை மூடிக்கொண்டு போடலாம். குனிந்தபோது இடது கை விரல்கள் ஜில்லிட்டிருந்தன. கியூவைத் தாங்கும் கையின் பிடியான பிரிட்ஜ் இறுகவில்லை, கியூ விரலிடுக்கில் ஆடியது. மனதில் பந்து இல்லை, போன ஐந்து ரேக்தான் இருந்தது. பந்து பாக்கெட்டின் இரண்டு விளிம்பிலும் முட்டிவிட்டு வெளியே நின்றது. என் அளவுக்கே இப்படி என்றால், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, விளக்கு வெளிச்சத்தில், முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுகிறவருக்கு அந்த முதல் பந்து என்ன பாரம் என்பது எனக்குப் புரிகிறது.

அதற்காக மாறி மாறி பிரேக் அடிக்கும் முறையைக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். நாற்காலியைத் தாங்குவதும் இந்த ஆட்டத்தின் பாதி. ஆனால் பத்து ரேக்குக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். அந்த ஐந்து நிமிடத்தில், உட்கார்ந்திருந்தவர் டேபிளில் நான்கு பந்து அடித்துக் கையைச் சூடேற்றிக்கொள்ளட்டும். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்தது டேபிள். உலக பூல் அமைப்பின் விதிப்படி மூலைப் பாக்கெட்டின் வாய் 4.5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பந்தின் குறுக்களவு 2.25 அங்குலம், ஆக இரண்டு பந்து அச்சாகப் புகும் வாய். இப்போது சில பெரிய போட்டிகளில் 4 அங்குலமாக இறுக்கிவிட்டார்கள். ஒரு பந்து போக மிச்சம் 1.75 அங்குலம்தான். அரை அங்குலம் குறைத்ததில் என்ன என்று தோன்றும். ரெயில் என்கிற டேபிள் ஓரத்து ரப்பர் விளிம்பை ஒட்டி நிற்கும் பந்தை வேகமாக அடிக்கும்போதுதான் தெரியும், முன்பு உள்ளே வாங்கிக்கொண்ட பாக்கெட் இப்போது துப்பிவிடும். இறுக்கமான பாக்கெட் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள். வைத்துவிட்டு, ஏன் பந்து விழவில்லை என்று கேட்காதீர்கள். கேட்கிறவர்களுக்கு அளவைச் சொல்லுங்கள். ஒளிபரப்பின் ஓரத்தில் ஸ்கோருக்குப் பக்கத்திலேயே பாக்கெட் அளவும் இருக்கட்டும்.

துணியும் அப்படித்தான். புதுத் துணி வழுக்கும், பந்து ரெயிலில் பட்டு எதிர்பார்க்காத கோணத்தில் திரும்பும், வெள்ளைப் பந்து நினைத்த இடத்தைத் தாண்டி ஓடும். இரண்டு நாள் அடி வாங்கி, சாக் தூளும் கைப் பவுடரும் இறங்கிய பிறகு அதே துணி மந்தமாகிவிடும். முதல் நாள் பழகிய வேகத்தை மூன்றாம் நாள் மறந்து புதிதாகக் கற்க வேண்டும். ஒரு நாள் முன்பாகவே துணியைப் போட்டு, இருவருக்கும் அதே டேபிளில் சமமான பயிற்சி நேரம் கொடுத்தால் முதல் இருபது ரேக் தடுமாற்றம் பெருமளவு போய்விடும். பந்துகளை ஒவ்வொரு வேளை தொடங்கும்போதும் துடைத்து வையுங்கள். அழுக்குப் பந்து ஒட்டிக்கொண்டு திசை மாறுவதற்கு ஆட்டக்காரர் பழி சுமக்கக் கூடாது.

நேரத்தைப் பற்றிப் பேச ஸ்னூக்கரைத்தான் காட்டுவேன். ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட ஆட்டம் என்று நாம் பெருமை பேசும் அதே ஸ்னூக்கர். 1946-இல் லண்டனில் நடந்த உலகப் போட்டி இறுதி ஆட்டம் 145 ஃபிரேம். பூலில் ரேக் போல அங்கே ஃபிரேம். ஜோ டேவிஸ் 78-67 என்று ஹோரஸ் லிண்ட்ரமை வென்றார். இன்றைக்கு ஷெஃபீல்டில் 35 ஃபிரேம், இரண்டு நாள், நான்கு வேளை. எந்த வேளை எப்போது தொடங்கும் என்று ஆட்டக்காரருக்கும் தெரியும், டிக்கெட் வாங்கியவருக்கும் தெரியும். நடுவில் சாப்பிடலாம், தூங்கலாம், பயிற்சியாளரோடு பேசலாம். அங்கேயும் கடைசி வேளையில் தவறுகள் வராமல் இல்லை. ஆனால் அவற்றைப் பார்த்து யாரும் இறுதி ஆட்டத்தை 9 ஃபிரேமாக்கு என்று கேட்பதில்லை. பூலில் நாம் ஒரு நாளைக்கு 40 ரேக் என்று இலக்கு வைக்கிறோம். அது இரவு பத்துக்கும் முடியலாம், விடிகாலை இரண்டுக்கும் முடியலாம். இரண்டு மணிக்குத் தவறவிட்ட பந்தை மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டு பார்த்துத் திட்டுவது நியாயமா?

பணத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. டாலஸில் தொடர்ச்சியாக 10 ரேக் எடுத்த ஸ்ட்ரிக்லண்ட், அதற்கென்று அறிவித்திருந்த 10 லட்சம் டாலர் பரிசுக்காக வழக்காட வேண்டி வந்தது. 2006-இல் ரினோவில் ரெயஸ் வென்ற 5 லட்சம் டாலரும் சொன்ன நாளில் கைக்கு வரவில்லை. இந்த விளையாட்டின் நினைவில் இதெல்லாம் இருக்கிறது. போதாததற்கு, பல சவால் ஆட்டங்களில் ஆட்டக்காரர் ஆடுவது வேறு ஒருவர் பின்னால் நின்று போட்ட பணத்துக்கு. அப்படிப்பட்டவரைப் பார்த்து, அக்கறையில்லாமல் ஆடினார் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மொத்தப் பணத்தையும் ஆட்டம் தொடங்கும் முன்பே பொதுவான ஒருவரிடம் கட்டிவிடுங்கள். தோற்றவருக்கும் ஒரு பங்கு வையுங்கள், 117 ரேக் எடுத்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது.

கடைசியாக, சுருக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆட்டக்காரர்களின் திறமைக்குப் புள்ளி போடும் ஃபார்கோ ரேட்டிங்கில் இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் என்றால், வலியவர் இரண்டு ரேக் எடுக்கும்போது மற்றவர் ஒன்று எடுப்பார். உச்சத்தில் இருப்பவர்களுக்குள் அத்தனை இடைவெளி கிடையாது. 20 புள்ளி என்று வையுங்கள். நூறு ரேக்கில் வலியவருக்கு 53 அல்லது 54 கிடைக்கும், அவ்வளவுதான். 9 ரேக் ஆட்டத்தில் அவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 60-ஐ ஒட்டித்தான் நிற்கும். பாக்கி 40-உம் பிரேக்கில் விழுந்த பந்துக்கும் அதிர்ஷ்டத்துக்கும் போகிறது. 120 ரேக் ஆட்டத்தில் அதே 20 புள்ளிக்காரர் வெல்லும் வாய்ப்பு 85-ஐ ஒட்டி வந்துவிடும். சின்ன ஆட்டங்கள் ஆண்டு முழுக்க ஏற்கனவே எத்தனையோ நடக்கின்றன, யார் உண்மையில் ஒரு நூலளவு மேலே என்று காட்டுகிற ஒரே இடம் உங்கள் நீண்ட ஆட்டம்தான். அதையும் எடுத்துவிட்டால் எங்களுக்கு வேறு இடமில்லை.

அடுத்த ஆட்டத்தை அறிவிக்கும்போது சுவரொட்டியில் இரண்டு முகங்களோடு இவற்றையும் போடுங்கள்: பாக்கெட் எத்தனை அங்குலம், ஒவ்வொரு வேளையும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிற்கும், இருவருக்கும் டேபிளில் பயிற்சி எத்தனை மணி நேரம், தோற்றவருக்கு எவ்வளவு. ரேக் எண்ணிக்கை 120 ஆகவே இருக்கட்டும். மூன்று நாளும் கடைசிப் பந்து வரை உட்கார்ந்து பார்க்க என்னைப் போலப் பலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களை விடாமல் பார்த்துவரும் ஒரு ரசிகன்