கூந்தன்குளத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் விடுமுறை வந்துவிட்டால் பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளத்துக்கு வேனும் காருமாகக் கூட்டம் கிளம்பிவிடும். கிளம்பட்டும். பறவை பார்க்க ஆள் வருவது நல்லதுதான். ஆனால் அங்கே என்ன செய்தால் கூடு கெடும், ஏன் கெடும் என்பது வருகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அதற்காகவே இந்தக் கடிதம்.

1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த குளம் இது. சரணாலயத்தின் மொத்தப் பரப்பே சுமார் 129 ஹெக்டேர்தான். அதற்குள் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று எல்லாம் நெருக்கியடித்துக் கூடு வைக்கின்றன. குளத்துக் கருவேல மரங்கள் போதாமல் ஊருக்குள் வீட்டுப் புறவாசல் மரங்களிலும் நாரைகள் கூடு கட்டும். எச்ச வாடையையும் இராப்பகலாக இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு, தீபாவளிக்கு வெடிகூடப் போடாமல் இருக்கிறது அந்த ஊர். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளைப் போலத்தான் பறவைகளை நடத்துகிறார்கள். எச்சம் ஊறிய குளத்து வண்டல் கோடையில் வயலுக்கு உரமாவதால் ஊருக்கும் பலன் உண்டு.

மஞ்சள்மூக்கு நாரை அடைகாத்துக் குஞ்சு பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம். அந்தக் குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க மேலும் இரண்டு மாதம். பொரித்த புதிதில் குஞ்சின் உடம்பில் வெயிலைத் தாங்கும் இறகு கிடையாது. வெயில் ஏறியதும் தாயோ தகப்பனோ சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சிறகைப் பாதி விரித்து நிழல் பிடிக்கும். நீரைக் கக்கிக் குஞ்சின் மேல் விடுவதும் உண்டு. கரையிலிருந்தே தொலைநோக்கியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

இப்போது அந்த நேரத்தில் மரத்துக்கு மேல் ஒரு டிரோன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவைக்கு அது பருந்து. ஒன்று எழும்பினால் மரம் முழுவதும் எழும்பும். நிழல் போன குஞ்சு சில நிமிடங்களிலேயே துவளத் தொடங்கும். காவலில்லாத கூட்டில் காகம் முட்டையைக் கொத்தும். சற்று வளர்ந்த குஞ்சுகள் பதறிக் கிளை விளிம்புக்கு ஓடித் தவறி விழும். விழுந்த குஞ்சுக்குப் பெற்றவை கீழே இறங்கி வந்து இரை கொடுக்காது. படம் எடுத்தவர் ஊர் திரும்பிய பிறகு நடக்கிற சாவு இது என்பதால் அவர் கண்ணில் படுவதே இல்லை. வேன்காரர்களின் ஏர் ஹாரனும், கரையில் நின்று கைதட்டிப் பறக்கவிடுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

தண்ணீரில் நிற்கிற வரித்தலை வாத்துக்குக் கூட்டுக் கவலை இல்லையே என்று சிலர் சேற்றில் இறங்கிவிடுகிறார்கள். அது இமயத்தைத் தாண்டி வந்த பறவை, மறுபடியும் தாண்டிப் போக வேண்டியது. இங்கே மேய்ந்து சேர்க்கும் கொழுப்புதான் அதற்கு வழிச்சோறு. ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதற்கு அளவுகோல் பறவையிடமே இருக்கிறது. மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீங்கள் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள். கூட்டமாக ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் அடுத்தது பறப்பதுதான். தலை தூக்கியதுமே நின்று, பத்தடி பின்வாங்கினால் மறுபடியும் மேயும்.

விடிந்ததும் போய்விடுங்கள், ஒன்பது மணிக்குள் பார்த்து முடியுங்கள். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தி நடந்து வரலாம். பளீர் வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்கு எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 போதும். பத்து மடங்கு காட்டும் 10x எடுத்தால் பழகாத கையில் படம் ஆடும். கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைக்கும் பழக்கம் புதிதாகப் பரவுகிறது. போட்டிக்கு இன்னொரு பறவை வந்துவிட்டதென்று நினைத்து, அடையையும் இரையையும் விட்டுவிட்டு அது தேடித் திரியும். இதைச் செய்துவிட்டுப் பறவை ஆர்வலர் என்று சொல்லிக்கொள்வது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று தெரியவில்லை.

கட்டுச்சோற்று மிச்சத்தைக் கரையில் கொட்டுவதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். மிச்சத்துக்கு நாய் வரும், காகம் வரும். வந்தவை சோறு தீர்ந்ததும் போய்விடாது. மரத்தடியில் விழும் குஞ்சை நாயும், கூட்டிலிருக்கும் முட்டையைக் காகமும் தின்னப் பழகிக்கொள்ளும். இலையோ பொட்டலமோ, கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோவதுதான் வழி.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குளம் வடகிழக்குப் பருவமழையையும் மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரையும் நம்பியது. தண்ணீர் குறைந்த ஆண்டில் பறவையும் குறையும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரைதான் நாயும் பூனையும் அண்டாது. கூடு இருக்கும்போதே குளம் வற்றினால் கரைக்கும் மரத்துக்கும் நடுவே தரை தெரியும். அந்தச் சமயத்தில் கிட்டப் போய்ப் பார்க்க வழி கிடைத்தது என்று இறங்குவதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. புறப்படுமுன் வனத்துறையிடம் நீர் இருப்பைக் கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

திருப்புடைமருதூரையும் அதே நாளில் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. தாமிரபரணியோடு கடனாநதி கூடும் அந்த ஊரின் பறவைக் காப்பிடம் 2005-இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயம் அல்லாத ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ என்ற வகையில் நாட்டிலேயே முதலாவது அது. அங்குள்ள பழந்தின்னி வௌவால்களைக் கல்லெறிந்து பறக்கவிடாதீர்கள். பகல் வெயிலில் பறந்தால் அவற்றுக்கு உடல் சூடேறும், குட்டியைச் சுமக்கும் தாய்க்கு இன்னும் மோசம். நறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உள்ள ஓவியங்களைப் பார்க்க அனுமதி கிடைத்தால், முதுகுப் பையைக் கீழேயே வைத்துவிட்டு ஏறுங்கள். குறுகலான இடத்தில் திரும்பும்போது சுவரை உரசுவது பெரும்பாலும் பைதான். மங்கிய ஓவியத்தில் தண்ணீர் தெளித்தால் நிறம் ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும், படமும் நன்றாக வரும். ஆனால் அந்த ஈரம் காயும்போது சுண்ணச் சாந்துக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து படிகமாகி, வண்ணப்பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். பிறகு எந்த வல்லுநர் வந்தாலும் உதிர்ந்தது உதிர்ந்ததுதான்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு விண்ணப்பம். கூடுகளின் மேலிருந்து டிரோனில் எடுத்த படமோ, குஞ்சை மிக அருகில் போய் எடுத்த படமோ வாசகர்களிடமிருந்து வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியிட வேண்டாம். ஒரு படம் அச்சில் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதே கோணத்தைத் தேடி இன்னும் நாலு பேர் வருவார்கள். அதற்குப் பதிலாக, சனவரி முதல் ஏப்ரல் வரை வாரம் ஒருமுறை குளத்து நீர் இருப்பை உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு வரியில் போட்டால் வீண் அலைச்சலும் குறையும்.

இப்படிக்கு,
பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்கும் வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.