26-ஆம் ஆண்டில் என்ன செய்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கூரையில் சோலார் பேனல் பொருத்தச் சொல்லும் விளம்பரங்கள் 25 ஆண்டு உத்தரவாதத்தைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. 26-ஆம் ஆண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

உடைந்த பேனல் ஒன்றைப் பழைய இரும்பு வியாபாரி பிரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அலுமினியச் சட்டத்தை நெம்பி எடுத்தார்; பின்புறப் பெட்டியிலிருந்து செம்பு வயரை நறுக்கிக்கொண்டார். மிச்சத்தைச் சுவரில் சாய்த்துவிட்டார். கண்ணாடி முழுக்க நொறுங்கியிருந்தும் ஒரு சில்லுகூட உதிரவில்லை. கண்ணாடியையும் மின்சாரம் தயாரிக்கும் சிலிக்கான் வில்லைகளையும் பிணைத்திருக்கும் பிளாஸ்டிக் படலம் அப்படிப் பிடித்திருக்கிறது. வெயிலையும் மழையையும் கால் நூற்றாண்டு தாங்குவதற்காகப் போட்ட அந்தப் பிடிதான் மறுசுழற்சிக்கு முட்டுக்கட்டை. சூடேற்றியோ ரசாயனத்தாலோ அதை இளக்கிப் பிரிக்கச் செலவு அதிகம். எடையில் சுமார் முக்கால் பங்கு மலிவான கண்ணாடி. விலையுள்ள வெள்ளியோ மெல்லிய கோடுகளாக, சொற்பம். வியாபாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பற்றவைப்பில் பெரும்பாலும் ஈயம் இருக்கிறது, சில வகைப் பேனல்களில் காட்மியம் என்ற நச்சு உலோகமும். குப்பைமேட்டில் கிடக்க வேண்டிய பொருளா இது? 2050-க்குள் உலகில் 7.8 கோடி டன் வரை பேனல் கழிவு சேரக்கூடும் என்று சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2016-இலேயே கணித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் பேனல்களை மின்னணுக் கழிவு விதிக்குள் கொண்டுவந்து பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்தது. விற்கும்போதே மறுசுழற்சிச் செலவையும் விலையில் சேர்த்துவிட வேண்டும். எங்கே ஒப்படைப்பது என்பதைப் பேனலின் முதுகிலேயே அச்சிடட்டும்.

– ஒரு வாசகர்