ஆடிக்குள் அடுப்பு பற்றவேண்டும்: தருமபுரி சமையல் தொழிலாளர்களின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்துச் சமையல் மாஸ்டர்கள், சப்ளையர்கள், பாத்திரம் கழுவும் பெண்கள் என 41 பேர் சேர்ந்த குழு எங்களுடையது. பாதிப்பேர் பெங்களூரு ஓட்டல்களில் தொழில் பழகித் திரும்பியவர்கள். மற்றவர்கள் மண்டபம் மண்டபமாகக் கல்யாணச் சமையல் எடுப்பவர்கள். எங்களுக்கென்று ஒரு பயிற்சி அடுப்படி கட்டத் தொடங்கினோம். வேலை பாதியில் நிற்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இது ஏன் வேண்டும் என்று கேட்பீர்கள். என் தப்பிலிருந்தே சொல்கிறேன். குழுவின் செயலாளரான நான் 26 வருஷம் கரண்டி பிடித்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு எலுமிச்சைச் சாதம் செய்யவேண்டியிருந்தது. விடியக்காலை வேலை குறையட்டும் என்று இரவு பத்து மணிக்கே சாதம் வடித்து, ஆவி அடங்குமுன் அண்டாவில் அமுக்கி, ஈரத்துணி போட்டு மூடிவைத்தேன். காலையில் கையை விட்டால் நடுவில் இன்னும் இளஞ்சூடு. வாசனை மாறவில்லை. தாளித்துக் கொட்டிக் கிளறிப் பந்தி போட்டோம். மதியத்துக்குள் ஒன்பது பேருக்கு வாந்தி, அதில் ஒன்று ஐந்து வயசுப் பிள்ளை. எல்லோரும் மறுநாளே தேறிவிட்டார்கள். நானோ கடலை எண்ணெய் சரியில்லை என்று பழியைத் தூக்கி எண்ணெய் மேல் போட்டேன்.

எண்ணெய் இல்லை என்று சொன்னவள் என் அண்ணன் மகள். சென்னை தரமணியில் கேட்டரிங் படித்துவிட்டு, கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் போனவள். அரிசியில் ஒரு கிருமியின் வித்து இருக்குமாம், உலை கொதித்தாலும் சாகாதாம். சாதம் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகி நஞ்சைக் கக்கிவிடும். பிறகு எத்தனை சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. "ஒன்னு, 60 டிகிரிக்கு மேல வைங்க. இல்லன்னா தட்டுல பரப்பி ஆறவெச்சு, சீக்கிரமா 5 டிகிரிக்குக் கீழ கொண்டுபோங்க. நடுவுல மட்டும் நிறுத்தாதீங்க சித்தப்பா." அவ்வளவுதான் பாடம். 26 வருஷத்தில் எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

அவள் படித்த குவெல்ஃப் பள்ளியின் கதையையும் அவள்தான் போனில் சொன்னாள். அந்த ஊர்ப்பக்கம் அடிலெய்டு ஹூட்லெஸ் என்று ஓர் அம்மா. 1889இல் அவருடைய கைக்குழந்தை இறந்துபோனது. திறந்த கேனில், ஈ மொய்க்க வீட்டுக்கு வந்த பால்தான் காரணம் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். படித்த, வசதியான தாய். பாலை எப்படி வைக்கவேண்டும் என்று தனக்கே தெரியவில்லையே என்ற துக்கத்தில், அடுப்படிக் காரியங்களைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1897இல் பெண்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். மாண்ட்ரியலில் வில்லியம் மெக்டொனால்டு என்ற புகையிலை வியாபாரி இருந்தார் (புகையிலைப் பழக்கத்தையே வெறுத்தவர், காசு மட்டும் அதில்தான் வந்தது). அவரிடம் கேட்டு வாங்கிய பணத்தில் குவெல்ஃப் விவசாயக் கல்லூரி வளாகத்தில் கட்டடமும் மாணவிகள் விடுதியும் எழுந்தன. 1903இல் மெக்டொனால்டு இன்ஸ்டிடியூட் திறந்தது. 1964இல் அது, விவசாயக் கல்லூரி, கால்நடை மருத்துவக் கல்லூரி மூன்றும் சேர்ந்து பல்கலைக்கழகமானது. 1969இல் ஓட்டல், உணவு நிர்வாகத்துக்கென்று அங்கே தனிப்பள்ளி வந்துவிட்டது. மாணவர்களே நடத்தும் உணவகம்கூட உண்டாம்.

நம் நாட்டுக் கதையும் இதே ஜாடைதான். பஞ்சம், அரிசித் தட்டுப்பாடு இருந்த காலத்தில் லீலாவதி முன்ஷி தலைமையில் பெண்களின் உணவுக் கவுன்சில் ஒன்று வேலை செய்தது. அந்தக் கவுன்சில்தான் 1954இல் பம்பாயில் நாட்டின் முதல் கேட்டரிங் கல்லூரியைத் தொடங்கியது. 1982 வரை இந்தப் படிப்பு சுற்றுலாத் துறையின் கீழ் இல்லை, உணவுத் துறையின் கீழ் இருந்தது. தரமணிக் கல்லூரியின் பெயரில் 'அப்ளைடு நியூட்ரிஷன்' (ஊட்டச்சத்துப் படிப்பு) என்று ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். கோட்டும் டையும் பிறகு வந்தவை.

ஆனால் அந்தக் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு நுழைய பிளஸ் டூ வேண்டும், நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். எங்களில் ஆறேழு பேர்தான் பத்தாவது தாண்டியவர்கள். அரசு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் பயிற்சி இருக்கிறது (டோல்கேட்டில் காட்டும் ஃபாஸ்டேக் இல்லை!). லைசென்ஸ் எடுத்த இடங்களில் 25 தொழிலாளர்களுக்கு ஒருவராவது அதில் தேறியிருக்கவேண்டும். நல்ல பயிற்சிதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதை அடுப்பு முன்னால் நின்று செய்து பார்த்தால்தான் எங்களுக்கு மண்டையில் ஏறும்.

இடம் கிடைத்துவிட்டது. பென்னாகரம் ரோட்டில் உறுப்பினர் ஒருவருடைய பழைய வெல்லக் கிடங்கு, ஐந்து வருஷத்துக்கு வாடகையில்லாமல். தரையைக் கொத்திச் சரிவு வைத்தாயிற்று. டைல்ஸ் பாதிதான் ஒட்டியிருக்கிறது. மொத்தச் செலவு 6,80,000 ரூபாய். எங்களுக்குள் போட்டது 2,15,000. மிச்சம் 4,65,000 வேண்டும். இதில் பெரிய செலவு ஃப்ரிட்ஜும், கழுவும் தொட்டிகளும், வெந்நீர்க் குழாயும். புகைபோக்கியும் கேஸ் லைனும் அடுத்தது. அரூர் மலைப்பக்கத்துச் சாமையைப் பந்திக்குப் பக்குவமாக வடிப்பது, எங்கள் ஊர் உப்புத்தண்ணீரில் வேகாமல் அடம்பிடிக்கும் துவரம்பருப்பை வழிக்குக் கொண்டுவருவது, இதெல்லாமும் பாடத்தில் உண்டு. பாடம் நடத்த அண்ணன் மகள் ஆடிக்கு ஊருக்கு வருகிறாள். முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்குக் காலேஜ் சீசன். அதனால்தான் இந்த அவசரம்.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பணம்தான். சாதத்தில் குத்திச் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று 600 ரூபாய், அப்படி 20 வேண்டும். ஓட்டல் நடத்துபவர்கள் ஓடுகிற நிலையில் உள்ள பழைய கிரைண்டர், மூன்று பர்னர் அடுப்பு, தேக்சா, அன்னக்கூடை கொடுத்தாலும் வந்து தூக்கிக்கொள்கிறோம். ஓட்டை விழுந்த பாத்திரம் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே மூன்று வந்துவிட்டது. எந்தத் தொகைக்கும் பொருளாளர் கையெழுத்துடன் ரசீது உண்டு. ஞாயிறு சாயங்காலம் கிடங்குக்கு வந்தால் கணக்கு நோட்டையும் புரட்டிப் பார்க்கலாம், டீ உண்டு.

பாத்திரம் தருபவர்கள் பெயரை அதிலேயே வெட்டிவிடுவோம். இனிஷியலை மட்டும் தெளிவாக எழுதிக் கொடுங்கள். போனமுறை ஒரு அண்டாவில் தப்பாக வெட்டி, கொடுத்தவர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளரும் குழுவினரும்,
தருமபுரி