‘ஓடையை ஒட்டியே’ டென்ட் போடச் சொன்ன ஆசிரியர் அவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலை ஓடைக்கரையில் டென்ட் போட்டுத் தங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த நான்கு பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, என் கண்ணில்தான் கோளாறோ என்று பார்க்க. கண்ணில் ஒன்றும் இல்லை. மூன்றாம் பத்தியில் இப்படித்தான் இருக்கிறது: “ஓடையை ஒட்டியே கூடாரம் போடுங்கள். கை நீட்டினால் தண்ணீர். கண்ணாடி மாதிரித் தண்ணீர், அப்படியே அள்ளிக் குடிக்கலாம்.”

இவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு பெரிய தப்பை அடைப்பதற்கும் ஒரு கைத்திறன் வேண்டும். பாராட்டுகிறேன்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். 22 வருடமாக, வருடத்துக்கு ஒரு முறையாவது இந்த மாதிரி இடங்களில் போய்ப் படுத்து எழுந்து வருகிறவன். குழாய் கிடையாது, கரண்ட் கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. பத்து டென்டுக்குச் சமதளம், கல் அடுக்கிய ஒரு நெருப்புக்குழி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒதுக்குப்புறத்தில் ஒரு குழிக் கழிப்பறை. அவ்வளவுதான். உங்கள் கட்டுரையாளர் இதற்கு ‘ஆதிகால முகாம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார், ஏதோ குகைமனிதர்கள் காலி செய்து கொடுத்துவிட்டுப் போன இடம் போல. ‘வசதியில்லாத முகாம்’ என்று எழுதியிருந்தால் தமிழ் கோபித்துக்கொண்டிருக்காது.

முதலில் அந்தக் கண்ணாடித் தண்ணீர். என் மைத்துனர் ஒரு முறை எங்களோடு வந்தார். நான் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். “மலையிலிருந்து வருகிற தண்ணீரையே சந்தேகப்படுகிறீர்களே மாமா” என்று சொல்லிவிட்டு, மண்டி போட்டு இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் ஆகவில்லை. வீடு திரும்பி ஒன்பதாம் நாள் பிடித்துக்கொண்டது. அழுகின முட்டை நாற்றத்தில் ஏப்பம், எண்ணெய் மிதக்கிற மாதிரி பேதி, இரண்டு வாரத்தில் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை. பரிசோதனையில் ஜியார்டியா என்று வந்தது. விலங்கும் மனிதனும் கழிக்கிற மலத்திலிருந்து தண்ணீரில் கலக்கிற ஒட்டுண்ணி அது. கண்ணுக்குத் தெரியாது, குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும், உடம்புக்குள் போன பிறகும் ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை சத்தம் காட்டாது. அதனால்தான் யாரும் ஓடையைக் குற்றம் சொல்வதில்லை. மைத்துனர்கூட இன்றைக்கு வரைக்கும் அன்று நான் வைத்த ரசத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலே இருந்தால் மூன்று நிமிடம், ஏனென்றால் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். இதை எழுத உங்களுக்கு இரண்டு வரி போதும். காலைப் பனியில் ஓடை எப்படி ‘நாணுகிறது’ என்று எழுத மட்டும் பதினொரு வரி இருந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்.

அடுத்தது, ‘ஒட்டியே’. இந்த ஒரு சொல்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு இரவு. நாங்கள் தண்ணீரிலிருந்து எழுபது தப்படி தள்ளி, மேட்டில் டென்ட் போட்டிருந்தோம். என் புத்தி அல்ல, மனைவியின் பிடிவாதம். ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் மேட்டில் ஏறி இறங்க வேண்டுமே என்று நான் முணுமுணுத்துக்கொண்டுதான் முளை அடித்தேன். கீழே, தண்ணீருக்கு மூன்று தப்படி தூரத்தில், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. நல்ல பிள்ளைகள், எங்களுக்கு டீ கூடக் கொடுத்தார்கள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மழை பெய்தது எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு ஒரு தூறல்கூட இல்லை.

இரண்டு மணி வாக்கில் விழிப்பு வந்தது. எதனால் என்று முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, ஓடையின் சத்தம் மாறியிருக்கிறது. சலசலப்பு போய் அடித்தொண்டையில் ஒரு உறுமல், இடையிடையே கல்லோடு கல் மோதுகிற ‘டொக்’. சேற்று வாடை வேறு. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சாயங்காலம் நாங்கள் தட்டு கழுவின தட்டைப் பாறையைத் தேடினேன், பாறையைக் காணோம். தண்ணீர் பாலூற்றின டீ நிறத்தில், மேலே சுள்ளியும் சருகுமாக ஓடுகிறது. அந்தப் பிள்ளைகளின் டென்ட் வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு விட்டிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது ஒற்றைச் செருப்பு மட்டும் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

ஜிப்பைப் பிடித்து உலுக்கி எழுப்பினேன். போட்டது போட்டபடி கிளம்பச் சொன்னால், அந்தப் பையன் ஸ்லீப்பிங் பேகைச் சுருட்டப் பார்க்கிறான். தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்று அவனுக்கு எண்ணம். ஓடுகிற தண்ணீர் அரை அடி ஆழம் இருந்தாலே ஒரு ஆளின் காலை வாரிவிடும். கையைப் பிடித்து இழுத்துத்தான் மேட்டுக்குக் கொண்டுவந்தேன். அரை மணியில் அவர்கள் டென்ட் இருந்த இடத்தில் ஓடை இருந்தது.

விடிய விடிய எங்கள் டென்டில் நான்கு பேராக உட்கார்ந்திருந்தோம். ஏனப்பா அங்கே போய்ப் போட்டீர்கள் என்று கேட்டேன். ஒரு பத்திரிகையில் அப்படித்தான் படம் போட்டிருந்தது என்றாள் அந்தப் பெண். எந்தப் பத்திரிகை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இது என் ஒருவன் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாததா? 1996 ஆகஸ்ட் 7-ஆம் தேதி ஸ்பெயினில், பிரனீஸ் மலையடியில் பியெஸ்காஸ் என்ற ஊருக்குப் பக்கத்து முகாமில் காட்டாறு புகுந்து 87 பேர் செத்துப்போனார்கள். ஓடை அடித்துக்கொண்டு வந்து கொட்டி, விசிறி மாதிரிப் பரந்த வண்டல் மேட்டின் மேலேயே முகாம் அமைத்திருந்தார்கள். இத்தனைக்கும் அது வசதியில்லாத முகாம் அல்ல, முறையாக அனுமதி வாங்கி நடத்திய இடம். 2010 ஜூன் 11 அதிகாலையில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஆல்பர்ட் பைக் முகாமில் 20 பேர். எல்லோரும் தூக்கத்தில் இருந்த நேரம். இதெல்லாம் உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும், உங்கள் கட்டுரையாளர் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

வெள்ளத்தையே விடுங்கள். ஓடைக்கரை இரவு ‘இதமாக’ இருக்குமாம். ஐயா, இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, சரிவில் இறங்கி, பள்ளத்தில் போய்த் தேங்கும். ஓடை இருப்பது பள்ளத்தில். அங்கே படுத்தவன் விடியற்காலை டென்ட்டின் உள்பக்கத் துணியிலிருந்து சொட்டுகிற ஈரத்தில்தான் முகம் கழுவுவான். கொஞ்சம் மேடேறிப் படுத்தால் குளிர் குறையும் என்பதை முதல் இரவிலேயே உடம்பு சொல்லிக்கொடுத்துவிடும். உங்கள் கட்டுரையாளர் அங்கே இரவு தங்கினாரா, இல்லை மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டாரா என்ற சந்தேகம் எனக்கு இங்கேதான் வந்தது.

எழுத உட்கார்ந்த பிறகு பழசெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் உங்கள் கோடைச் சிறப்பிதழின் அட்டையில் ஒரு சிவப்பு டென்ட், அதன் முளையில் ஒன்று தண்ணீருக்குள்ளேயே நின்றது. அப்போதே எழுதினேன். போட்டீர்கள், நன்றி. ஆனால் ‘அட்டைப்படம் கண்ணைக் கவர்ந்தது’ என்ற என் முதல் வரியை மட்டும் போட்டு, ‘ஆனால்’ என்று தொடங்கின மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். மனைவி அதைப் படித்துவிட்டு, “இதற்காகவா இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினீர்கள்?” என்றாள்.

அதற்கு முந்தின வருடம், மண்ணில் மக்கிப்போகும் சோப்பு என்பதால் ஓடையிலேயே தேய்த்துக் குளிக்கலாம் என்று ஒரு குறிப்பு. மண்ணில் மக்கும் என்றால் மண்ணில்தானே ஊற்ற வேண்டும்? தண்ணீரைப் பாத்திரத்தில் மொண்டு, 60 மீட்டர் தள்ளிப் போய்க் குளிக்க வேண்டும், சோப்பு என்ன சோப்பாக இருந்தாலும். காலைக்கடனுக்கும் அதே தூரம்தான், கூடவே அரை அடிக்கு மேல் ஒரு குழி. இதை எழுதினால் பத்திரிகையின் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. நான்கு பக்கக் கட்டுரையில் மனிதர்கள் சாப்பிடுகிறார்கள், பாடுகிறார்கள், நட்சத்திரம் எண்ணுகிறார்கள், ஒருவர்கூட ஒதுங்கப் போகவில்லை. கீழே யாரோ ‘அப்படியே அள்ளிக் குடிக்கிறார்’ என்பதால் எனக்கு இந்தக் கவலை.

நெருப்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் உங்களுக்கு இடம் போதாது. மண்ணள்ளிப் போட்டு மூடினால் அணைந்துவிடும் என்ற உங்கள் படவிளக்கத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. அணையாது, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சூடு போய்விட்டதா என்று புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஓடை பக்கத்தில் இருப்பது அதற்காவது பயன்படட்டும்.

நான் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம்: டென்ட் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, மேட்டில்; குடிப்பது, தண்ணீரைக் கொதிக்கவைத்த பிறகு. கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள், குறுக்கெழுத்து விடைக்குக் கீழே வேண்டாம். அங்கே போட்டால் நான் மட்டும்தான் படிப்பேன்.

இந்தக் கடிதத்தைப் போடுவதானால் என் பெயரை விட்டுவிடுங்கள். மைத்துனரும் உங்கள் சந்தாதாரர்தான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்