உன் பழைய வீட்டின் ஃபேர்னஸ் பற்றி

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்புள்ள நண்பனுக்கு,

வின்னிபெக்கின் வுல்ஸ்லிப் பகுதியில், நூறு வயதைக் கடந்த வீடொன்றுக்கு நீயும் பிள்ளைகளும் குடிபோன செய்தி அறிந்து மகிழ்ந்தேன். ஆனால், நிலக்கீழ் அறையிலிருந்து வீட்டைச் சூடாக்கும் இருபது வருட எரிவாயு ஃபேர்னஸ் இரண்டு இரவுகள் நின்றுபோனதாகவும், பார்க்க வந்தவர் உடனே முழுவதையும் மாற்றச் சொன்னதாகவும் நீ எழுதிய வரிகளே என் மனத்தில் தங்கிவிட்டன. மற்றச் செய்திகளைப் பிறகு கதைப்போம். கையெழுத்து வைப்பதற்கு முன், அது எரியத் தொடங்கும் ஒழுங்கில் எந்தப் படியில் நிற்கிறது என்பதை நீயே ஒருமுறை அதன் முன்னால் இருந்து பார்.

அறை வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் தேர்மோஸ்ரற் வெப்பம் கேட்டதும் முதலில் சிறிய விசிறியொன்று சுழன்று புகைவழியை இழுத்துத் திறக்கும். இழுவை போதுமென்று அழுத்த சுவிச் உறுதிசெய்த பின்னரே பற்றவைக்கும் தகடு செந்நிறமாகப் பழுக்கும், எரிவாயு வால்வு திறக்கும், சுவாலை பிடிக்கும். அதற்குச் சற்றுப் பின்னர்தான் பெரிய விசிறி சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும். சிறிய விசிறி சுழன்றும் தகடு பழுக்கவில்லையென்றால் காரணம் ஒன்று. சுவாலை பிடித்துச் சில விநாடிகளில் அணைந்தால் காரணம் வேறு.

சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது. வெளியே மறை 22 பாகை. சுவாலை பிடிப்பதும் அணைவதுமாகச் சில முறை முயன்றபின் ஃபேர்னஸ் தன்னையே பூட்டிக்கொண்டது. முதலில் வந்தவர், சுவாலையின் சூட்டை வீட்டுக்காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பகுதியான வெப்பமாற்றியில் விரிசல் விழுந்துவிட்டது என்றார். எங்கே என்று கேட்டதற்குக் காட்டவில்லை. மறுநாள் வந்த இன்னொருவர் சுவாலைக்குள் நீட்டியிருக்கும் மெல்லிய கம்பியைக் கழற்றி, மெல்லிய உருக்குப் பஞ்சினால் தேய்த்துத் திரும்பப் பூட்டினார், வீடு சூடாகியது. சுவாலை ஊடாகச் செல்லும் சில மைக்ரோ அம்பியர் மின்னோட்டத்தை அந்தக் கம்பி உணர்ந்தால்தான் வால்வு திறந்திருக்கும். அதன் மேல் படலம் படிந்தால், சுவாலை எரிந்துகொண்டிருக்கும்போதே, சுவாலை இல்லையென்று கருதி ஃபேர்னஸ் பாதுகாப்புக்காக வாயுவை நிறுத்திவிடும். அவர் சிறு கமராவை உள்ளே விட்டு வெப்பமாற்றியையும் எனக்குக் காட்டினார். அதில் விரிசல் இல்லை.

உண்மையில் விரிசல் விழுந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதே. அதை ஒட்டிப் பயன்படுத்த முடியாது. காபன் மொனொக்சைட்டு வீட்டுக்காற்றில் கலக்கலாம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த நமக்கு மஞ்சள் சுவாலையும் கரியும் குறையாக எரிவதைக் காட்டுகின்றன என்று தெரியும். ஆனால் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் புகைவழி அடைபட்டதால் ஒரு குடும்பத்தின் நால்வரும் இறந்தார்கள். அவர்கள் நினைவைத் தாங்கிய, காபன் மொனொக்சைட்டுப் பாதுகாப்புக்கான ஹோக்கின்ஸ்–ஜின்யாக் சட்டம் 2013இல் இங்கே நிறைவேறியது. பிள்ளைகள் உறங்கும் அறைகளுக்கு வெளியே இன்றே ஒரு காபன் மொனொக்சைட்டு அபாய மணியைப் பொருத்து.

மாற்றத்தான் வேண்டுமென்றால் புகைபோக்கியைப் பற்றிக் கேள். 2019 யூலைக்குப் பின் தயாரிக்கப்பட்ட வழமையான வீட்டு எரிவாயு ஃபேர்னஸ்கள் கனடாவில் 95 விழுக்காடு திறனுள்ளவையாக இருக்க வேண்டும். அவற்றின் புகை குளிர்ந்திருப்பதால் பிளாஸ்ரிக் குழாய் வழியே சுவரால் வெளியேறும். அப்போது பழைய செங்கற் புகைபோக்கியில் புகைவிட, எரிவாயுத் தண்ணீர் சூடாக்கி மட்டும் தனித்து நிற்கும். அதன் சிறு புகை அவ்வளவு அகன்ற குளிர்ந்த குழலில் மேலேற முடியாமல் நீராகி, அமிலமாகச் சாந்தை அரிக்கும். உள்ளே உலோகக் குழாய் இறக்கும் செலவையும் விலைக்குறிப்பில் எழுதச் சொல். பலர் இதைச் சொல்வதில்லை. உன் ஊரின் குளிரில் சுவர்க் குழாயின் வாய் பனியால் அடைபடுவதும் வழமை, புயலுக்குப் பின் போய்ப் பார். காற்றுக் குழாய்களின் மூட்டுகளில் கடதாசி போன்ற வெள்ளைப் பட்டை சுற்றியிருந்தால் அதைக் கிழிக்காதே. அது நுரையீரலுக்குத் தீங்கான அஸ்பெஸ்ரஸாக (கல்நாராக) இருக்கலாம்.

காற்று வடிகட்டியை மாற்றுவது உன் வேலை. எரிவாயு வால்வை மட்டும் தொடாதே, அது அனுமதிப்பத்திரம் உள்ளவரின் வேலை. ஃபேர்னஸ் கதவின் உட்புறத்தில், மின்னும் சிறு விளக்கின் குறியீடுகள் அச்சிட்ட தாளொன்று ஒட்டியிருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பு. சனிக்கிழமை இரவு அழைக்கிறேன். தொலைபேசியோடு கீழே இறங்கி அதன் முன்னால் இருந்து கதை. விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று சேர்ந்தே எண்ணுவோம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்